காலி மைதானத்துக்கு ஏன் இத்தனை காவல்?

எங்கள் கோல்ஃப் கிளப்பின் பொதுக்குழுவில் போன முறை ஒரு தீர்மானம் வந்தது. உறுப்பினர் அல்லாதவர்கள் பணம் கட்டி விளையாடுவதை அடுத்த ஆண்டிலிருந்து அடியோடு நிறுத்திவிடலாம் என்பதுதான் அது. கொண்டுவந்தவர் நல்ல மனிதர். என்னோடு பல தடவை விளையாடியவர், தோற்றால் சிரித்துக்கொண்டே கைகொடுப்பவர். அவர் நீட்டி முழக்கவில்லை. "யாரோ எவரோ நேரா உங்க வீட்டு ஹாலுக்கு வந்து உட்கார்ந்தா ஒத்துக்குவீங்களா சார்? நாம காசு போட்டு, பராமரிச்சு, பொத்திப் பொத்தி வெச்சிருக்கிற இடம். இதுவும் நம்ம வீடுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கைதட்டல் பலமாகவே இருந்தது. நேரமாகிவிட்டதால் வாக்கெடுப்பை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். எனக்குத்தான் அந்த 'வீடு' தொண்டையில் சிக்கிக்கொண்டது.

ஏனென்றால், இதே அரங்கில் சில ஆண்டுகளுக்கு முன் நேர் எதிரான பேச்சை நான் கேட்டிருக்கிறேன். அப்போது உறுப்பினர் எண்ணிக்கை சரிந்துகொண்டிருந்தது. வெளியாட்கள் கட்டும் க்ரீன் ஃபீயை வைத்துத்தான் புல் வெட்டும் இயந்திரத்துக்கே பணம் கட்டினோம். "வாருங்கள், வாருங்கள்" என்று பலகை வைத்தோம், சலுகை கொடுத்தோம், மதிய உணவும் சேர்த்து என்று விளம்பரம் செய்தோம். பிறகு 2020 வந்தது. நான்கு சுவருக்குள் கூடமுடியாத அந்தக் காலத்தில், திறந்தவெளியில் தள்ளித் தள்ளி நின்று ஆடும் இந்த விளையாட்டுக்குப் பல நாடுகளில் கூட்டம் அலைமோதியது. எங்களிடமும் காத்திருப்போர் பட்டியல் உருவானது. இப்போது பணத்துக்குக் கவலையில்லை. உடனே இது வீடாகிவிட்டது. காசு வேண்டியிருந்தவரை யாரும் இதை வீடு என்று சொல்லிக் கேட்டதில்லை.

சரி, அவர்கள் சொல்லும் குறைகளையும் கேட்டுவிடுவோம். அவற்றில் பாதி உண்மை. வெளியிலிருந்து வருபவருக்கு எங்கள் களம் பழக்கமில்லை. பந்து எங்கே விழுந்தது என்று தெரியாமல் புதரில் தேடுவார், எந்தப் பக்கம் அடிப்பது என்று யோசிப்பார், வாழ்நாளில் ஒருமுறை வந்த இடம் என்பதால் ஒவ்வொரு டீயிலும், அதாவது ஒரு குழிக்கான முதல் அடியை அடிக்கும் இடத்திலும், நின்று படம் எடுப்பார். நான்கு மணி நேரத்தில் முடியவேண்டிய ஆட்டம் ஐந்தைத் தொடும். பின்னால் வரும் உறுப்பினர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பார். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான க்ரீனில் பந்து விழுந்து ஏற்படும் பள்ளத்தை உடனே சரிசெய்துவிட்டால் சீக்கிரம் ஆறிவிடும், அப்படியே விட்டுவிட்டுப் போனால் வாரக்கணக்கில் வடுவாக நிற்கும். மறுபடி வரப்போகாதவருக்கு அதில் அக்கறை குறைவு என்பது அவர்களுடைய வாதம். நியாயம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் பங்கர்களை, அந்த மணல் குழிகளை, போய்ப் பாருங்கள். அன்றைக்கு வெளியாட்கள் கிடையாது, உறுப்பினர்கள் மட்டும்தான். மணலில் கிடக்கும் காலடித் தடங்களில் ஒன்றுகூட வெளியாள் காலடி இல்லை. வருடம் முழுக்க வருகிறோம் என்கிற நம்மவர்களே மணலைக் கிளறிவிட்டுப் போகிறார்கள்.

இன்னொன்று நெரிசல். இதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு நான்கு பேர் என்றால் மணிக்கு 24 பேர். காலை 7 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிவரை அனுப்பினால் 192 பேர். சனி, ஞாயிறில் அந்த இடங்கள் முழுக்க உறுப்பினர்களுக்கே போதாது, ஒப்புக்கொள்கிறேன். அந்த நாட்களில் வெளியாட்களை விடச்சொல்லி யாரும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்து பாருங்கள். ஐம்பது அறுபது ஹெக்டேர் நிலம், வெட்டிச் சீவி, தண்ணீர் ஊற்றி, பதினெட்டு கொடிகளும் நட்டுவைத்துக் காத்திருக்கும். ஆள் இருக்காது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் புல் வெட்டுபவர் ஒருவர். யாருக்காக வெட்டுகிறார் என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்கும்.

அன்றைக்கு நான்காவதாக வந்தவர்

இந்த விஷயத்தில் என் மனம் ஒரு திசைக்கு வந்து நின்றது கூட்டத்தில் அல்ல, ஆட்டத்தில்தான். தீர்மானம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு. ஒரு வாரநாள். நாங்கள் மூன்று பேர் தொடங்கப் போனோம். குழுக்களை வரிசைப்படி அனுப்பும் ஸ்டார்ட்டர் வந்து, "தனியா ஒருத்தர் வந்திருக்கார், வெளியாள், உங்களோட சேத்துக்கறீங்களா?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்தவருக்கு அறுபதை ஒட்டிய வயது. பழைய பை, வெயிலில் கறுத்த முன்கைகள். வேறு ஊரில் ஒரு பொது மைதானத்தில் புல் பராமரிப்பு வேலையில் இருப்பதாகச் சொன்னார். இந்தக் களத்தைப் பற்றி வெகுநாளாகக் கேள்விப்பட்டு, ஒரு விடுமுறை நாளைச் செலவழித்து வந்திருக்கிறார்.

ஆட்டம் சுமார்தான். பந்து இரண்டு தடவை தண்ணீருக்குள் போனது. ஆனால் அவர் க்ரீனில் நடந்துகொண்ட விதத்தை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். பையிலிருந்து சின்ன முள்கரண்டி போன்ற கருவியை எடுத்து, தன் பந்து போட்ட பள்ளத்தைச் சரிசெய்வார். பிறகு பக்கத்தில் யாரோ விட்டுப்போன இன்னும் இரண்டு மூன்றையும் சரிசெய்வார். யோசித்துச் செய்வதாகத் தெரியவில்லை, கை அதுபாட்டுக்குப் போனது. ஏழாவது குழியில் எங்களுக்கு ஒரு தீராத வழக்கு உண்டு. அந்த க்ரீனின் இடதுபக்கம் பந்து எப்போதும் முழு தூரம் போகாமல் நின்றுவிடும். மண் சரிவு என்பார் ஒருவர், கண்மாயம் என்பார் இன்னொருவர், க்ரீனில் பந்தை உருட்டும் 'பட்டர்' மட்டையையே மாற்றியவர்கூட உண்டு. இவர் குனிந்து புல்லை விரலால் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து கிழக்கே பார்த்தார். "அந்த மூணு மரம் எப்ப வெச்சது? காலை வெயில் இந்தப் பக்கம் விழறதே இல்லையே. ஈரம் காயாது, பாசி பிடிக்கும், பந்து எப்படி ஓடும்?" என்றார். நாங்கள் மூவரும் மரத்தைப் பார்த்தோம். அது அங்கே நிற்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் ஏழாவது க்ரீனோடு அதைச் சேர்த்து யாரும் பார்த்ததில்லை.

ஆட்டம் முடிந்ததும், உள்ளே வந்து ஒரு காபி சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டேன். வாசலில் விதிப்பலகை இருந்தது. வெளியாட்கள் பக்கவாட்டு அறையை மட்டும் பயன்படுத்தலாம், உறுப்பினர் கூடத்துக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும், இத்யாதி. எனக்குச் சங்கடமாகிவிட்டது, யாரையாவது கேட்கிறேன் என்று நகர்ந்தேன். அவர் தடுத்துவிட்டார். "அட விடுங்க சார். நான் உட்கார வரல, விளையாட வந்தேன். விளையாடியாச்சு." மனத்தாங்கல் எதுவும் குரலில் இல்லை. நிஜமாகவே அந்தக் கூடத்தின்மேல் அவருக்கு எந்த ஆசையும் கிடையாது.

பின்னால் கூட்டத்தில் 'வீடு' என்ற சொல்லைக் கேட்டபோது எனக்கு உடனே இவர்தான் ஞாபகம் வந்தார். நண்பர் சொன்ன வரவேற்பறைக்கு இவர் வரவே இல்லை. கிளப் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு தனித்தனிச் சங்கதிகளைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம் என்று பட்டது. ஒன்று, யாரோடு பழகுவது, யாரோடு உண்பது என்று தீர்மானிக்கும் மனிதர்களின் கூட்டு. அது அவர்கள் விருப்பம். அங்கே யாரைச் சேர்ப்பது என்பதில் பாகுபாடு இல்லாதவரை நான் தலையிடமாட்டேன். மற்றது களம். பெரும்பாலான நேரம் காலியாக இருக்கிற, ஒருவர் நடந்து போவதால் இன்னொருவருக்குக் குறைந்துபோகாத நிலம். முதலாவதை மூடிவைக்கச் சொல்லும் நியாயங்களை எடுத்து இரண்டாவதற்குப் பூட்டாகப் போடுகிறார்கள்.

கூடம் சிலருக்கு, களம் எல்லோருக்கும்

இப்படிப் பிரிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, இந்த விளையாட்டின் தலைவாசலிலேயே பதில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ஓல்ட் கோர்ஸின் முதல் டீக்குப் பின்னால் நிற்கும் அந்தக் கல் கட்டடத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அது ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்புக்குச் சொந்தம். உறுப்பினர் அல்லாதவர் சும்மா உள்ளே நுழைய முடியாது. ஆனால் அதன் வாசலில் தொடங்கும் களம் அவர்களுடையதல்ல. அது பொது நிலம். 1974 முதல் ஓர் அறக்கட்டளை அதை நிர்வகிக்கிறது. முன்பதிவு கிடைக்காதவர் சீட்டுக் குலுக்கலில் பெயர் கொடுக்கலாம், பெயர் வந்தால் ஆடலாம். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டமே கிடையாது, ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு டீக்கும் க்ரீனுக்கும் இடையிலுள்ள ஃபேர்வே புல்வெளியில் உலாத்துவார்கள். உலகிலேயே மிக மதிப்புள்ள கிளப்புகளில் ஒன்று, சொந்தக் களம் இல்லாமலேயே, கண்ணெதிரே முன்பின் தெரியாதவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே பெருமை குறையாமல் இருந்துவருகிறது.

நெரிசலால் களம் நாசமாகும் என்பவர்கள் நியூயார்க் மாநிலத்தின் பெத்பேஜ் பிளாக்கையும் பார்க்கலாம். அரசுப் பூங்காவுக்குள் இருக்கிற பொதுக் களம். டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்க ஒரு நேரம், கிடைப்பதற்காக ஆட்கள் முந்தைய இரவே வந்து வாகன நிறுத்தத்தில் காருக்குள் தூங்குவார்கள். யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்கிற அந்த இடத்தில்தான் 2002லும் 2009லும் யு.எஸ். ஓபன் கோல்ஃப் போட்டி நடந்தது, 2025இல் அமெரிக்க, ஐரோப்பிய அணிகள் மோதும் ரைடர் கோப்பையும் நடந்தது. களத்தைக் காப்பது நல்ல பராமரிப்பு, வாயிற்காவலன் அல்ல.

களத்தை ஏன் தனியாகப் பார்க்கச் சொல்கிறேன் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. டென்னிஸ் ஆடுபவருக்கு ஒரு கிளப் கதவைச் சாத்தினால் அடுத்த கோர்ட்டில் அதே நீளம், அதே அகலம், அதே வலை உயரம் கிடைத்துவிடும். கோல்ஃபில் அப்படி இல்லை. ஒவ்வொரு களமும் தனி ஆட்டம். ஸ்காட்லாந்தின் ம்யூர்ஃபீல்டில் முதல் ஒன்பது குழிகள் வெளிவட்டமாக வலஞ்சுழியாகவும், பின் ஒன்பது உள்வட்டமாக இடஞ்சுழியாகவும் போகும். அதனால் காற்று ஒவ்வொரு குழியிலும் வேறு திசையிலிருந்து முகத்தில் அடிக்கும். அதை வேறெங்கே போய் ஆடுவது? ஒரு நல்ல களத்தை முழுக்க மூடிவைப்பது, அந்த ஆட்டம் வேறு யாருக்கும் இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

அலிஸ்டர் மெக்கன்சி என்ற களவடிவமைப்பாளரை எடுத்துக்கொள்ளுங்கள். 1924இல் ஓல்ட் கோர்ஸை அங்குலம் அங்குலமாக அளந்து வரைபடம் போட்டவர். 1926இல் ஆஸ்திரேலியா போய் ராயல் மெல்பர்னின் மேற்குக் களத்துக்கு வடிவம் கொடுத்தார். பிறகு கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸோடு சேர்ந்து அமெரிக்காவின் அகஸ்டா நேஷனலை உருவாக்கினார். இருவருக்குமே ஓல்ட் கோர்ஸ்மேல் தீராத காதல். இன்று, வேறு நாட்டிலிருந்து போகும் ஒரு கோல்ஃப் கிளப் உறுப்பினர் தன் கிளப்பின் அறிமுகத்தோடு முன்கூட்டி எழுதிக் கேட்டால் ராயல் மெல்பர்னில் வாரநாளில் ஆட வாய்ப்பு உண்டு. அகஸ்டாவில் உறுப்பினர் ஒருவர் கூட்டிப்போனால் ஒழிய முடியாது. அங்கே நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டி முடிந்த மறுநாள் சில பத்திரிகையாளர்களுக்குக் குலுக்கலில் ஓர் ஆட்டம் கிடைக்கும், அவ்வளவுதான். ஊருக்கே திறந்துகிடக்கும் ஒரு களத்தைப் பார்த்துக் கற்றதை வைத்து உருவான களம், இந்தப் பூமியிலேயே அதிகமாகப் பூட்டப்பட்ட களங்களில் ஒன்றாகிவிட்டது.

சட்டம் எந்தப் பக்கம் தள்ளுகிறது

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பழம்பெரும் தனியார் கிளப்புகள்கூட வாரநாட்களில் வெளியாட்களை விடுகின்றன, அமெரிக்காவில் பெரும்பாலும் விடுவதில்லை. இதை இரு பக்கத்து மக்களின் குணம் என்று பேசுவது வழக்கம். நானும் கேட்டிருக்கிறேன், எனக்கு ஒப்புதல் இல்லை. சட்டத்தைப் பார்த்தால் பாதி புதிர் அவிழ்ந்துவிடும். அமெரிக்காவில் வருமான வரி விலக்கு பெற்ற பொழுதுபோக்கு கிளப் ஒன்று, உறுப்பினர் அல்லாதவர்கள் தன் வசதிகளைப் பயன்படுத்துவதிலிருந்து மொத்த வரவில் 15 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்பது விதி. தாண்டினால் விலக்குக்கே ஆபத்து. அதோடு 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் பொது இடங்கள் பற்றிய பகுதி, பொதுமக்களுக்கு உண்மையிலேயே திறக்கப்படாத தனியார் கிளப்புகளை விட்டுவிடுகிறது. அதாவது கதவைத் திறந்தால் வரியும் போகும், யாரைச் சேர்ப்பது என்ற சுதந்திரமும் கேள்விக்கு வரும். மூடிவைத்தால் இரண்டும் பத்திரம். இப்படி ஒரு கணக்கை எழுதிக்கொடுத்தால் எந்தப் பொருளாளரும் கதவை மூடத்தான் சொல்வார்.

ஐரோப்பாவில் நேர் எதிராக ஒரு தீர்ப்பு வந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கில் பிரிட்போர்ட் அண்ட் வெஸ்ட் டார்செட் கோல்ஃப் கிளப். லாபநோக்கமில்லாத, உறுப்பினர்களே நடத்தும் கிளப். உறுப்பினர் சந்தாவுக்கு மதிப்புக்கூட்டு வரி கிடையாது, வெளியாள் கட்டும் க்ரீன் ஃபீக்கு மட்டும் உண்டு என்றது வரித்துறை. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போய், 2013 டிசம்பரில் கிளப்புக்குச் சாதகமாக முடிந்தது. வரி நிபுணர்களுக்கு அது பணம் திரும்பிவந்த கதை. எனக்குப் பிடித்தது அதன் அடிப்படை. வரிவிலக்கு விளையாட்டில் ஈடுபடுபவருக்காக வந்தது. உறுப்பினர் ஆடினாலும் வெளியாள் ஆடினாலும் ஆடுவது அதே விளையாட்டுதான், ஆகவே ஒருவருக்கு உள்ளது மற்றவருக்கு இல்லை என்று பிரிக்க முடியாது. "விளையாட வந்தேன், விளையாடியாச்சு" என்று அன்று வாசலில் நின்று சொன்னவரும் இதையேதான் சொன்னார், வழக்கறிஞர் செலவில்லாமல்.

நிலம் யாருடையது என்பதும் முக்கியம். சொந்தப் பணத்தில் வாங்கி, எந்தச் சலுகையும் பெறாமல் நடத்தும் கிளப்பை நான் வற்புறுத்தமாட்டேன், கேட்டுத்தான் பார்ப்பேன். அரசு நிலத்தில் குத்தகைக்கு இருக்கும் கிளப்புகளின் கதை வேறு. ஹாங்காங்கில் ஃபான்லிங் களத்தின் 172 ஹெக்டேரில் 32 ஹெக்டேரை 2023இல் அரசு வீட்டுவசதிக்காகத் திரும்ப எடுத்துக்கொண்டது. அது சரியா தவறா என்று அங்கே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், மரங்களும் பழைய கல்லறைகளும் அந்தப் பகுதியில் இருக்கின்றன. நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான். வீட்டுக்கு ஏங்கும் நகரத்தில் சில ஆயிரம் பேருக்கு மட்டும் பயன்படும் புல்வெளி என்ற பேச்சு கிளம்பிவிட்டால், அதற்குப் பதில் சொல்வது கடினம். ஊரில் பலரும் ஒருமுறையாவது நடந்திருக்கும் களத்துக்காகப் பேச ஊரே இருக்கும். சுவரை மட்டுமே ஊர் பார்த்திருந்தால் யார் வந்து நிற்பார்கள்?

திறந்துவிட்டால் எல்லாம் சரியா?

இல்லை. இதில் ம்யூர்ஃபீல்டைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. அதை நடத்தும் எடின்பரோ கோல்ஃபர்களின் சங்கம்தான் 1744இல் இந்த விளையாட்டுக்கு முதன்முதலாக விதி எழுதிவைத்தது. வெளியாட்களுக்கு அவர்கள் செவ்வாய், வியாழன் என்று நாள் ஒதுக்கியதும், வந்தவரை அரைகுறையாக நடத்தாததும் எல்லோருக்கும் தெரியும். காலையில் ஓர் ஆட்டம், கோட்டும் டையும் போட்டுக்கொண்டு நிதானமான மதிய உணவு, பிறகு ஃபோர்சம்ஸ் என்று ஒரு பந்தை இருவர் மாற்றி மாற்றி அடிக்கும் ஆட்டம். கூடத்தையே திறந்துவிடுகிறார்கள். பெண்களும் வெளியாளாக வந்து ஆடலாம். ஆனால் நெடுங்காலம் அவர்கள் உறுப்பினராக முடியவில்லை. 2016 மே மாத வாக்கெடுப்பில் 64 சதவீதம் பேர் பெண்களைச் சேர்க்கலாம் என்றார்கள். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பதால் அது தோற்றது. உடனே பிரிட்டனின் பேர்பெற்ற ஓபன் போட்டி நடக்கும் இடங்களின் வரிசையிலிருந்து ம்யூர்ஃபீல்டை, அந்தப் போட்டியை நடத்தும் அமைப்பான ஆர் அண்ட் ஏ நீக்கியது. மறு ஆண்டு மார்ச்சில் மறுபடி வாக்கெடுத்து 80 சதவீதத்தோடு நிறைவேற்றினார்கள். 2022இல் பெண்கள் ஓபன் அங்கே நடந்தது.

வெளியாட்களை விடுகிறோம் என்பதையே கவசமாகப் பிடித்துக்கொண்டு, உள்ளே யாரைச் சேர்க்கிறோம் என்ற கேள்வியிலிருந்து தப்பிக்க முடியும் என்பதற்கு அந்த ஆண்டுகள் நல்ல சாட்சி. "பெண்களுக்கு நாங்கள் எதிரியா? வாரா வாரம் ஆடுகிறார்களே" என்று வாயாரச் சொல்லலாம். ஆகவே களத்தைத் திறப்பதும் உறுப்பினர் சேர்க்கையில் நேர்மையும் இரண்டு வேறு கடன்கள். ஒன்றைக் கட்டிவிட்டேன் என்று மற்றதைத் தள்ளுபடி கேட்கக்கூடாது.

இன்னொரு மோசடியும் உண்டு. அது விலை. கதவு திறந்திருக்கிறது என்று அறிவித்துவிட்டு, நுழைய ஒருவர் ஒரு மாதச் சேமிப்பைக் கொட்டவேண்டும் என்றால் அது திறந்த கதவா? ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் கடற்கரையின் பேர்பெற்ற களங்களில் ஒரு சுற்றுக்கு இப்போது நூற்றுக்கணக்கான பவுண்டோ யூரோவோ கேட்கிறார்கள். வாங்குபவர்கள் இருக்கிறார்கள், ஆகவே கேட்கிறார்கள். ஆனால் அங்கே வெளியாள் என்பவர் மறுபடியும் பணப்பெட்டிதான். பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியருக்கு அந்தக் களம் எப்போதும்போல மூடியே இருக்கிறது, முன்பு விதியால், இப்போது விலையால்.

எங்கள் கூட்டம்

தீர்மானத்துக்கு நான் ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்தேன். வாரத்தில் இரண்டு காலைகள் வெளியாட்களுக்கு. வார இறுதி முழுக்க உறுப்பினர்களுக்கே. கூடம் வேண்டாம் என்றால் வேண்டாம், அதில் நான் சண்டை போடவில்லை. ஒருவரின் ஆட்டத்திறனைக் காட்டும் ஹேண்டிகேப் எண்ணைக் கேட்கலாம், ஆனால் இன்னொரு கிளப்பின் உறுப்பினராக இருந்தே ஆகவேண்டும் என்ற பழைய விதி போகவேண்டும். 2020 முதல் உலகம் முழுக்க ஒரே ஹேண்டிகேப் முறை, 54 வரை யாருக்கும் உண்டு. இங்கிலாந்தில் 2021 முதல் எந்த கிளப்பிலும் சேராதவர்கூட ஹேண்டிகேப் எடுக்க வழி செய்துவிட்டார்கள். கிளப் வாசனை இல்லாதவருக்கு ஆடத்தெரியாது என்ற சாக்கு இனி எடுபடாது. கடைசியாக, முடிந்தவரை ஒவ்வொரு வெளிக்குழுவிலும் எங்கள் உறுப்பினர் ஒருவர் சேர்ந்து ஆடவேண்டும் என்றும் எழுதினேன். வழி தெரியாமல் தேடும் நேரம் அதில் பாதியாகக் குறையும், மார்ஷல் ஒருவரை விட்டு விரட்டுவதைவிட மரியாதையாகவும் இருக்கும்.

இரண்டாவது கூட்டம் முதலாவதைவிட நீளம். தீர்மானம் கொண்டுவந்த நண்பர் எழுந்து, கூட ஆடுவதற்கு ஆள் எங்கே கிடைக்கும், யாருக்கு வேலைவெட்டி இல்லை என்று கேட்டார். நல்ல கேள்விதான். நாங்கள் மூவர் பெயர் கொடுத்தோம், அப்புறம் பின்வரிசையிலிருந்து சிலர். நான் எதிர்பார்த்ததைவிட அதிகம், தேவையைவிடக் குறைவு. வாக்கெடுப்பில் இரண்டு காலைகள் ஒன்றாகச் சுருங்கின. கிளப் உறுப்பினராக இருக்கவேண்டும் என்ற விதி போய்விட்டது. உறுப்பினர் சேர்ந்து ஆடுவது என்பது 'விரும்பினால்' என்று மாறியது. மொத்தமாக மூடுவது என்ற தீர்மானம் தோற்றது. நண்பர் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே கைகொடுத்தார், "மரத்த மட்டும் வெட்டச் சொல்லாதீங்க" என்றார். அது தனிச் சண்டை, மரம்வெட்டும் விஷயத்தில் எங்கள் கிளப் எந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கும் குறைந்ததல்ல.

தீராமல் நிற்பது கட்டணம். பொருளாளர், ஒரு காலைதானே, ஆள் குறைவாகவும் பணம் அதிகமாகவும் வரும்படி வைத்துவிடலாம் என்கிறார். கூட்டத்தில் தோற்ற தீர்மானத்தை அப்படியே ரசீதுப் புத்தகம் வழியாக நிறைவேற்றும் யோசனை இது என்று நான் நினைக்கிறேன், அவரிடமே சொல்லியும்விட்டேன். உறுப்பினர் ஒருவரின் ஆண்டுச் சந்தாவை அவர் சராசரியாக ஆடும் சுற்றுகளால் வகுத்தால் என்ன வருமோ அதுதான் வெளியாளின் கட்டணம், வேண்டுமானால் அதன்மேல் கொஞ்சம் கூடுதல் என்பது என் கணக்கு. அவருடைய கணக்கு பக்கத்துக் கிளப்புகள் என்ன வாங்குகின்றன என்பதிலிருந்து தொடங்குகிறது. அடுத்த மாதம் நிர்வாகக் குழு கூடுகிறது. வெளியாட்கள் கணக்குப் புத்தகத்தை ஐந்து ஆண்டுக்கு எடுத்துத்தரச் சொல்லி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் வரவில்லை.